3018 ரவுட்டர்ல டயோடு லேசர் மாட்டி பேர்ப்பலகை வெட்டுன அனுபவம்

கோயம்புத்தூர்ல வீட்டு மாடி ரூம்ல ஒரு 3018 சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி நகர்ந்து வெட்டற மெஷின்) கெடக்குது, பிசிபி (சர்க்யூட் போர்டு) வெட்டறதுக்குனு வாங்குனது. பேருலயே சைஸ் இருக்கு, 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர். அதுல பிட்டைச் சுத்தற ஸ்பிண்டில் மோட்டாரைக் கழட்டிட்டு நீல டயோடு லேசர் மாட்டி 3 எம்எம் ப்ளைவுட்டும் எம்டிஎஃப்பும் (மரநாரை பசை போட்டு அழுத்துன பலகை) வெட்டி வாசலுக்கு தமிழ்ல பேர்ப்பலகை பண்ணனும், இதான் வேலை. பண்ணியாச்சு, இப்ப சொந்தக்காரங்களுக்கும் பண்ணிக் குடுத்துட்டு இருக்கேன். இந்தப் பதிவை எழுதறதுக்கு காரணம், எவன் கேட்டாலும் மொதல் கேள்வி "எத்தனை வாட்?"னுதான் வருது. வாட் அப்பறம் வரட்டும். இந்த மாதிரி ஸ்க்ரூ சுத்தி நகர்ற மெஷின்ல வெட்டு நல்லா விழுமா விழாதானு முடிவு பண்றது ஃபோகஸும் புகையும்தான், பொறிக்கற வேலைனா மெஷினோட வேகம். வாட் நாலாவது எடம்.

சரி, கேட்டதுக்காக வாட் கணக்கை முடிச்சுடுவோம். பெட்டி மேல 40 வாட்னு பெருசா போட்டிருப்பான், அது மாட்யூல் கரன்ட் இழுக்கற கணக்கு. வெளிய வர்ற ஒளி அதுல 5 இல்லனா 5.5 வாட்தான் இருக்கும். 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்துல வேலை செய்யற இந்த நீல டயோடு ஒன்னு தனியா அவ்ளோதான் குடுக்கும், 10 வாட் ஒளினு சொன்னா உள்ள ரெண்டு டயோடு, 20 வாட்னா நாலு, எல்லாத்தோட ஒளியையும் குட்டி கண்ணாடி, ப்ரிசம் வச்சு ஒரே புள்ளிக்கு கொண்டு வர்றாங்க. அதனால வாங்கறப்ப ஆப்டிகல் பவர் எவ்ளோனு மட்டும் பாருங்க, அது போடலனா அந்த மாட்யூலே வேண்டாம். என்கிட்ட இருக்கறது 5 வாட் ஒளி, ஒத்தை டயோடு.

மாட்டறது பெரிய விஷயம் இல்ல. ஸ்பிண்டில் க்ளாம்ப் வட்டம், மாட்யூல் சதுரம், நடுவுல ஒரு அலுமினிய ப்ளேட்டை லேத் பட்டறையில குடுத்து ஓட்டை போட்டு வாங்கிக்கிட்டேன். வயரிங்லதான் கவனம் வேணும். மெஷின் போர்டு 24 வோல்ட்ல ஓடுது, என் மாட்யூல் 12 வோல்ட். போர்டுல லேசருக்குனு மூணு பின் இருக்கு, 12 வோல்ட், கிரவுண்ட், பிடபிள்யூஎம் (லேசர் பவரைக் கூட்டிக் கொறைக்கற சிக்னல்). அந்த 12 வோல்ட்டை உள்ள இருக்கற சின்ன கன்வெர்ட்டர்தான் குடுக்குது, அது பழைய குட்டி மாட்யூலுக்கு தாங்கும், இதுக்கு தாங்காது. அதனால மாட்யூலுக்கு தனியா 12 வோல்ட் 5 ஆம்ப் அடாப்டர், போர்டுல இருந்து பிடபிள்யூஎம் ஒயரும் கிரவுண்டும் மட்டும். கிரவுண்ட் ரெண்டுக்கும் பொதுவா இல்லனா சிக்னல் தாறுமாறா இருக்கும், லேசர் தானா எரியும், இல்ல எரியவே எரியாது. அப்பறம் போர்டை ஆன் பண்றப்பவும் ரீசெட் ஆகறப்பவும் அந்த பின் கொஞ்ச நேரம் அந்தரத்துல நிக்கும், அந்த நேரத்துல லேசர் பளிச்சுனு ஒரு வெட்டு வெட்டிட்டுப் போகும். பிடபிள்யூஎம்முக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டுட்டா நின்னுடும், கடையில கேட்டா சில்லறைக் காசுக்கு குடுப்பாங்க. இன்னொன்னு, ஸ்பிண்டிலும் லேசரும் ஒரே சிக்னல்லதான் ஓடுது, லேசர் மாட்டுனா ஸ்பிண்டில் ஒயரைப் புடுங்கிடணும், இல்லனா மேஜை மேல சும்மா கெடக்கற மோட்டாரும் சேந்து சுத்தும்.

இனி கண்ணுக்குப் போடற கண்ணாடி. இது க்ளாஸ் 4 லேசர், நேரா கண்ணுல பட்டாதான் ஆபத்துனு இல்ல, பலகையில பட்டு சிதறி வர்ற வெளிச்சமே பக்கத்துல இருந்து பாத்தா கண்ணைக் கெடுக்கும். மாட்யூலோட இலவசமா வர்ற கண்ணாடியில எந்த அலைநீளத்துக்கு எவ்ளோ தடுக்கும்னு ஒன்னும் எழுதியிருக்காது, அதை நம்ப வேண்டாம். 450 நானோமீட்டருக்கு OD (ஒளியை எவ்ளோ தடுக்கும்ன்ற அளவு) 5 இல்ல அதுக்கு மேலனு எழுதுன ஆரஞ்சு கண்ணாடி தனியா வாங்குங்க. அது நமக்குத்தான், ரூமுக்குள்ள "என்னடா பண்ற"னு எட்டிப் பாக்கற அம்மாவுக்கும் அக்கா பையனுக்கும் இல்ல. அதனால மெஷினைச் சுத்தி ப்ளைவுட்ல பொட்டி அடிச்சு கதவுல உள்ள இருக்கறது தெரியற ஆரஞ்சு அக்ரிலிக் ஷீட் போட்டேன், கதவைத் திறந்தா லேசர் அடாப்டர் கட் ஆகற மாதிரி ஒரு லிமிட் சுவிட்ச். செல்போன்ல கிட்டக்க வச்சு வீடியோ எடுக்கறதும் வேண்டாம், தெறிக்கற வெளிச்சம் கேமரா சென்சார்ல புள்ளி போட்டுடும்.

மெஷினுக்குள்ள ஓடற மூளை ஜிஆர்பிஎல் 1.1. அதோட செட்டிங்ல $32=1 போட்டா லேசர் மோடு. $30 ஆயிரம்னு இருந்தா ப்ரோகிராம்ல எஸ்1000ன்றது முழு பவர், சாஃப்ட்வேர்லயும் அதே ஆயிரம் இருக்கணும், அங்க 255னு இருந்தா கால் பவர்லதான் எரியும், மாட்யூல் டூப்ளிகேட்னு கடைக்காரன் கூட சண்டை போட்டுட்டு இருப்போம். அடுத்தது லேசரை ஆன் பண்ற கட்டளை, எம்3யா எம்4ஆ. எம்3 போட்டா மெஷின் மூலையில வேகம் கொறைஞ்சாலும் லேசர் அதே பவர்ல எரியும், மூலையெல்லாம் கருகி வழியும். எம்4 போட்டா வேகத்துக்கு தகுந்த மாதிரி பவரையும் அதுவே கொறைச்சுக்கும், மெஷின் நின்னா லேசரும் அணைஞ்சுடும். அந்த கடைசி பாயின்ட்தான் முக்கியம். ஓடிட்டு இருக்கறப்ப யூஎஸ்பி அறுந்து போச்சுனா (கரன்ட் போயி யூபிஎஸ் மாறற நேரத்துல எங்க வீட்ல ஆகும், கேபிள்ல சிக்னல் தொல்லையை அடக்கற ஃபெரைட் வளையம் மாட்டுன பிறகு கொறைஞ்சுது) எம்3ல மெஷின் ஒரே எடத்துல நின்னுக்கிட்டு எரிச்சுக்கிட்டே இருக்கும். எம்டிஎஃப் பத்திக்க அவ்ளோ நேரம் ஆகாது. நான் வெட்டறதுக்கும் எம்4தான், பொறிக்கறதுக்கும் எம்4தான். அதுக்காக ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போகலாம்னு இல்ல, பக்கத்துலயே இருக்கணும், கைக்கு எட்டற தூரத்துல தண்ணி ஸ்ப்ரே பாட்டிலும் ஒரு சின்ன தீயணைப்பானும் இருக்கணும்.

இப்ப வேகத்துக்கு வர்றேன். லேசருக்குனே செஞ்ச மெஷின்லாம் பெல்ட்ல ஓடும், நிமிஷத்துக்கு 6000 எம்எம் சாதாரணம். நம்ம மெஷின் லீட் ஸ்க்ரூ. என் மெஷின்ல ஒரு எம்எம் நகர மோட்டார் 800 ஸ்டெப் சுத்தணும், அந்த குட்டி 8 பிட் சிப் நொடிக்கு சுமாரா 30,000 ஸ்டெப்தான் தள்ளும், வகுத்துப் பாருங்க, நொடிக்கு 37.5 எம்எம், நிமிஷத்துக்கு 2250. அது காகிதக் கணக்கு, நெசத்துல 1500 தாண்டுனா மோட்டார் முனகி ஸ்டெப்பைத் தவற விட ஆரம்பிக்குது. இதனால வெட்டற வேலைக்கு ஒரு நஷ்டமும் இல்ல, 5 வாட்டுக்கு வெட்டு வேகமே நிமிஷத்துக்கு 200, 300தான். ஆனா போட்டோ பொறிக்கறதுனா அடி வாங்கும். 10க்கு 10 சென்டிமீட்டர் போட்டோ, கோட்டுக்கு கோடு 0.1 எம்எம் இடைவெளினா ஆயிரம் கோடு, மொத்தம் 100 மீட்டர் நடக்கணும், 1500 வேகத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல. பெரிய வாட் வாங்குனா இந்த நேரம் கொறையுமா? கொறையாது, ஏன்னா மெஷின் அதுக்கு மேல ஓடாது, பவரை இன்னும் கொறைச்சு வச்சுத்தான் ஓட்டணும். வாட் நாலாவதுனு சொன்னது இதுக்குத்தான். நான் பைன் கட்டையில பொறிக்கறது 1500 வேகம், 35 சதவீதம் பவர்.

ரெண்டு பக்கமும் போயிட்டு வர்றப்ப எரிக்கற மாதிரி வச்சா இன்னொரு தொல்லை, ஸ்க்ரூ நட்டுல இருக்கற லூசு. வலப்பக்கம் போற கோடும் இடப்பக்கம் வர்ற கோடும் ஒரு மயிரிழை தள்ளி விழும், எழுத்தோட ஓரம் சீப்பு பல்லு மாதிரி தெரியும். ஸ்பிண்டில்ல பிசிபி வெட்டறப்ப இது கண்ணுக்கே தெரியாது, 0.1 எம்எம் லேசர் புள்ளியில பளிச்சுனு தெரியுது. நட்டு ஸ்ப்ரிங்கை இறுக்குனதுல பாதி போச்சு, மீதிக்கு லைட்பர்ன்ல (லேசரை ஓட்டற சாஃப்ட்வேர்) ஸ்கேனிங் ஆஃப்செட் இருக்கு, வேகத்துக்கு வேகம் வேற நம்பர் குடுக்கணும். அவசரம் இல்லாத வேலைனா ஒரு பக்கம் மட்டும் எரிக்க விட்டுடறேன், நேரம் ரெட்டிப்பு, ஆனா ஓரம் சுத்தம்.

ஃபோகஸ். இதுல ரவுட்டர் மெஷினுக்கு ஒரு வரம் இருக்கு, சும்மா கெடைக்கற இசட் ஆக்சிஸ், அதாவது லேசரை மேல கீழ நகர்த்தற மோட்டார். மாட்யூலோட வந்த அளவுக் கட்டையை வச்சு உயரம் பாக்கறது தோராயம்தான். ஒரு பலகைத் துண்டை ஒரு பக்கம் தூக்கி சரிவா வச்சு, கம்மி பவர்ல நீளமா ஒரு கோடு இழுங்க. கோடு தடிமனா ஆரம்பிச்சு மெலிஞ்சு மறுபடி தடிமனாகும், ரொம்ப மெலிசா இருக்கற எடம் எதுவோ அந்த உயரம்தான் ஃபோகஸ். எனக்கு அளவுக் கட்டை காட்டுன உயரத்துக்கும் இதுக்கும் கிட்டத்தட்ட 1 எம்எம் வித்தியாசம் இருந்துச்சு. கேக்க சின்னதா இருக்கும், ஆனா புள்ளி ரெண்டு மடங்கு அகலமானா அதே 5 வாட் நாலு மடங்கு எடத்துல பரவுது, வெட்டாது, கருக்கும். பொறிக்கறதுக்கு ஃபோகஸ் மேற்பரப்புல. வெட்டறதுக்கு பலகைக்குள்ள, 3 எம்எம்னா மேல இருந்து 1 எம்எம் கீழ வைக்கறேன், ரெண்டாவது பாஸுக்கு (அதே கோட்டுல மறுபடி ஓட்டறது) இசட்டை இன்னும் 1 எம்எம் இறக்கறேன். பெல்ட் மெஷின் நெறையதுல இசட் கையாலதான் திருகணும், இங்க சாஃப்ட்வேரே இறக்கிக்குது.

புள்ளி வட்டம்னு நெனைக்காதீங்க. டயோடுல இருந்து ஒளி ஒரு பக்கம் ரொம்ப விரிஞ்சும் இன்னொரு பக்கம் கம்மியா விரிஞ்சும் வருது, லென்ஸ் போட்டு சரி பண்ணாலும் கடைசியில வர்றது நீளப் புள்ளிதான். அதனால எக்ஸ் பக்கம் வெட்டற கோட்டுக்கும் ஒய் பக்கம் வெட்டற கோட்டுக்கும் அகலம் வேற. பேர்ப்பலகைக்கு இது பிரச்சனை இல்ல. பல்லு பல்லா கோத்து மாட்டற டப்பா பண்ணா ஒரு பக்கம் லொடலொடனு இருக்கும், இன்னொரு பக்கம் சுத்தியல் கேக்கும். ரெண்டு திசையிலயும் சின்ன சதுரம் வெட்டி கேலிப்பர்ல அளந்துட்டு டிசைன்ல ஈடு கட்டிடுங்க.

புகைக்கு வருவோம், எனக்கு ரொம்ப புடிச்ச சப்ஜெக்ட். மரம் எரியறப்ப வர்ற புகை வெட்டற கோட்டுக்குள்ளயே நிக்குது, அடுத்து வர்ற ஒளி அந்தப் புகையில பட்டு சிதறுது, மார்கழி பனியில வண்டி ஹெட்லைட் அடிச்ச மாதிரி, வெளிச்சம் இருக்கு ஆனா போய் சேர வேண்டிய எடத்துக்கு சேரல. அதுக்கு ஏர் அசிஸ்ட். மீன் தொட்டிக் கடையில நிமிஷத்துக்கு 30 லிட்டர்னு போட்ட ஏர் பம்ப் ஒன்னு வாங்கி, சிலிகான் ட்யூப், முனையில 3டி பிரின்டர் நாசில், புள்ளியில இருந்து ஒரு சென்டிமீட்டருக்குள்ள காத்து அடிக்கற மாதிரி கட்டுனேன். காத்து இல்லாம மூணு நாலு பாஸ் போட்டும் பின்பக்கம் அங்கங்க ஒட்டிக்கிட்டு இருந்த அதே எம்டிஎஃப், காத்து வந்த பிறகு 200 வேகம், முழு பவர், ரெண்டு பாஸ்ல தானா கீழ விழுந்துச்சு. ஓரமும் கரிக்கட்டையா இல்லாம காப்பி கலர்ல இருக்கு. மூலையில எட்டிப் பாக்கற குட்டி தீ நாக்கும் போச்சு. பொறிக்கறப்ப மட்டும் காத்தைக் கம்மி பண்ணிக்கணும், இல்லனா கரியை ஊதி பக்கத்துல அப்பிடும். லேசருக்கு செலவு பண்ற காசுல பத்துல ஒரு பங்கு பம்ப்புக்கு ஒதுக்குங்க, 10 வாட்டுக்கு மாறலாமானு யோசிச்சுட்டு இருந்த நான் இன்னும் மாறாம இருக்கறதுக்கு அதுதான் காரணம்.

புகை லென்ஸ் மேலயும் படியும். திடீர்னு வெட்டு கொறைஞ்சா மொதல்ல லென்ஸைப் பாருங்க, பழுப்பா ஒரு படலம் இருக்கும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை பட்ஸ்ல தொட்டு மெதுவா சுத்தி எடுத்து, காஞ்ச பிறகு ஆன் பண்ணுங்க. படலத்தோட ஓட்டுனா அந்தப் படலமே சூட்டை வாங்கி லென்ஸையும் காவு வாங்கிடும். பொட்டிக்குப் பின்னாடி எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னல் வரைக்கும் குழாய். எம்டிஎஃப் புகை சாம்பிராணி இல்ல, அதுல ஃபார்மால்டிஹைடு பசை எரியுது.

பசைன்றப்ப ப்ளைவுட் கதை. கடையில போயி நல்ல ஸ்ட்ராங்கான ப்ளை குடுங்கனு கேட்டேன். கடை அண்ணா எதுக்குனு கேட்டாரு, லேசர்ல வெட்டறதுக்குனு சொன்னதும், "அப்ப வாட்டர்ப்ரூஃப் வேண்டாம் தம்பி, எம்ஆர் கிரேடு எடுத்துக்கோங்க, அதுல பசை வெள்ளையா இருக்கும்"னாரு. ரெண்டையும் எடுத்து ஓரத்தைக் காட்டுனாரு, 710 முத்திரை போட்ட மரைன் ப்ளையில தாளுக்கு நடுவுல கரும்பழுப்புல கோடு கோடா தெரிஞ்சுது, அது ஃபீனால் பசை. எம்ஆர்ல யூரியா பசை, கோடே தெரியல. சரியாத்தான் சொல்லியிருக்காரு, சும்மா பாப்போம்னு மரைன் துண்டு ஒன்னும் வாங்கிட்டு வந்து போட்டேன், மேல் தாளு சுலபமா போகுது, பசையில வந்ததும் கருகி நின்னுடுது, பாஸ் ஏத்த ஏத்த மேல் ஓரம்தான் அகலமாகுது. உள்ள முடிச்சு, ஓட்டை அடைச்ச புட்டி இருந்தாலும் அந்த எடம் வெட்டாது, ஷீட்டை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து வாங்குங்க. எம்டிஎஃப் ஒரே சீரா இருக்கும், மெதுவா வெட்டும், ஆனா ஏமாத்தாது.

அக்ரிலிக் கேக்கறவங்களுக்கு: கண்ணாடி மாதிரி இருக்கற அக்ரிலிக்ல நீல ஒளி அப்படியே கடந்து கீழ பலகையை எரிக்கும், ஷீட்டுக்கு ஒன்னும் ஆகாது. அதுக்கு 10.6 மைக்ரான் சிஓ2 லேசர்தான். கருப்பு அக்ரிலிக் டயோடுல நல்லா வெட்டுது. எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டறதையும் பாத்துட்டேன், ரொம்ப மெதுவா விட்டா கருப்பா மார்க் விழுது, ஆனா அது மேல்தோல்ல வர்ற ஆக்சைடு, பாத்திரக்கடையில மெஷின்ல கொத்தித் தர்ற மாதிரி பள்ளம் விழாது, கம்பி நாரு போட்டுத் தேய்ச்சா மங்கிடும். கடைக்காரரு பொழப்புக்கு நம்மளால ஆபத்து இல்ல. வெள்ளை டைல்ஸ் மேல டைட்டானியம் டையாக்சைடு இருக்கற வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சு அதுல பொறிச்சுட்டு பெயின்ட்டைக் கழுவிப் பாருங்க, கருப்பு படம் டைல்ஸோட ஒட்டி நிக்கும், இது நெசமாவே நல்லா வருது.

தொடவே கூடாதது பிவிசி. போர்டு எழுதற கடையில வெள்ளையா லேசா கெடைக்கற ஃபோம் ஷீட், ரெக்ஸின், ஃப்ளெக்ஸ், இதெல்லாம் பிவிசிதான், எரிச்சா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கெடுதி, மெஷின் ஸ்க்ரூவும் துரு ஏறிடும். சந்தேகமா இருந்தா செம்புக் கம்பியை அடுப்புல காய வச்சு பிளாஸ்டிக்ல ஒரு தொடு தொட்டு மறுபடி தீயில காட்டுங்க, பச்சையா எரிஞ்சா குளோரின் இருக்கு, தூரப் போடுங்க. ஜன்னலோரமா பண்ணுங்க.

இனி பேர்ப்பலகை. தமிழ் எழுத்தை இன்க்ஸ்கேப்லயே (படம் வரையற சாஃப்ட்வேர்) டைப் பண்ணி, பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி எஸ்விஜி ஃபைலா எடுத்துட்டு வந்துடறேன், கொம்பு, காலு எல்லாம் எடம் மாறாம வருது. எழுத்தை தனித்தனியா வெட்டி அடிப்பலகையில ஒட்டறதுதான் டிசைன். இங்கதான் ஆங்கிலத்துல பண்றவனுக்கு இல்லாத ரோதனை, புள்ளி. "முருகன் இல்லம்"னு வெட்டுனா ன், ல், ம் மூணுக்கும் மேல தனியா மூணு பொட்டு, ஒவ்வொன்னும் 5 எம்எம் வட்டம். வெட்டி முடிச்ச அடுத்த நொடி ஏர் பம்ப் அதைத் தூக்கி எங்கயோ ஊதிடுது, இல்லனா சாய்ஞ்சு நின்னு நாசில்ல இடிக்குது. லைட்பர்ன்ல டேப் (tab, ஒட்டற டேப் இல்ல) போடற வசதி இருக்கு, புள்ளிக்கு ரெண்டு எடத்துல 0.5 எம்எம் அளவுக்கு வெட்டாம விட்டுடும், முடிஞ்ச பிறகு விரலால அழுத்துனா உடைஞ்சு வந்துடும். உப்புத்தாளில ஒரு தேய், அவ்ளோதான்.

ஒட்டறப்ப இன்னொரு வசதி கண்டுபுடிச்சேன். எழுத்தெல்லாம் எடுத்த பிறகு மிச்சம் இருக்கற ஓட்டை ஷீட்டைத் தூக்கிப் போடாதீங்க. அதை அடிப்பலகை மேல வச்சு டேப் ஒட்டிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னாடி ஃபெவிகால் தடவி அதோட ஓட்டையிலயே உக்கார வச்சா இடைவெளி, வரி, புள்ளி நிக்கற எடம் எல்லாம் டிசைன்ல இருக்கற மாதிரியே வந்துடும். பசை காயறதுக்குள்ள ஷீட்டை நேரா மேல தூக்கிடணும். கோலத்துக்கு ஸ்டென்சில் பண்றவங்களுக்கு இதுக்கு நேர் எதிர் பிரச்சனை, இ, ல, ண மாதிரி சுழி இருக்கற எழுத்துல உள்வட்டம் பொத்துனு விழுந்துடும், அங்க நிரந்தரமா ஒரு பாலம் வரைஞ்சு விட்டாகணும், 2 எம்எம் அகலமாவது வேணும், அதுக்கு கம்மினா மாவு தட்டறப்ப ஒடிஞ்சுடும்.

வெட்டறதுக்கு முன்னாடி மேல மாஸ்கிங் டேப் ஒட்டுனா புகைக் கறை டேப்போட போயிடும். பலகையை அலுமினிய பெட் மேல நேரா வைக்காதீங்க, வெட்டித் தாண்டுன ஒளி அலுமினியத்துல பட்டு எதிரொளிச்சு பின்பக்கம் பூரா கறை. நான் பெட்ல இருக்கற டி-ஸ்லாட்டு பள்ளத்துல போல்ட்டுகளை நட்டுக்குத்தலா நிக்க வச்சு அது மேல பலகையை வைக்கறேன், அடியில ஒரு கருப்படிச்ச இரும்புத் தகடு. புகை கீழயும் எறங்கிப் போகுது.

பிசிபி வேலைக்கு மறுபடி ஸ்பிண்டில் மாட்டறப்ப $32=0 போட்டுட்டு ஆரம்பிங்க. லேசர் மோடுலயே விட்டா ஜிஆர்பிஎல் ஸ்பிண்டில் வேகம் ஏறற வரைக்கும் நிக்காது, எஸ் மாறுனதும் நிக்காம நகர ஆரம்பிச்சுடும், பிட்டு சுத்தறதுக்கு முன்னாடியே காப்பர்ல குத்தி ஒடியும். 0.1 எம்எம் வி-பிட் விலை என்னனு உங்களுக்கே தெரியும். நான் லேசருக்கு ஒன்னு, ஸ்பிண்டிலுக்கு ஒன்னுனு ரெண்டு மேக்ரோ பட்டன் பண்ணி $30, $32 ரெண்டையும் அதுலயே மாத்திக்கறேன்.